டெல்டாவில் மூன்று தலைமுறை வீட்டுக் கணக்கு: ஏறியது மனையா, கட்டுமானமா, வட்டியா?

#1 குடமுருட்டி

"ஒரே சம்பளத்துல நாலு பிள்ளைங்களைப் படிக்க வச்சு வீடும் கட்டினாங்க. இன்னைக்கு ரெண்டு பேர் சம்பாதிச்சும் வாடகை வீடுதான்." தஞ்சாவூர் முதல் நாகப்பட்டினம் வரை எல்லாக் கல்யாண வீட்டிலும் இந்தப் பேச்சைக் கேட்கலாம். இதில் எவ்வளவு உண்மை என்று பிரித்துப் பார்க்கத்தான் இந்த இழை. மனை, கட்டுமானம், கடன், குடும்பச் செலவு ஆகிய நான்கையும் சேர்த்துக் குழப்பாமல் தனித்தனியாகப் பேசினால் நல்லது.

ஆரம்பத்துக்கு ஓர் உதாரணம். கும்பகோணத்துக்கோ மன்னார்குடிக்கோ வெளியே, நகர்ப் பேருந்து போகும் தூரத்தில் 1,200 சதுர அடி மனை. சதுர அடி 1,500 என்று வைத்தால் 18 லட்சம். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 1,62,000. வீடு 1,000 சதுர அடி, அடிக்கு 2,200 வீதம் 22 லட்சம். மண் நிரப்பல், சுற்றுச்சுவர், போர், கரண்ட் இணைப்பு, பிளான் எல்லாவற்றுக்கும் 3 லட்சம். மொத்தம் 44 லட்சத்து 62 ஆயிரம்.

வீட்டு வருமானம் மாதம் 60,000 என்றால், வங்கி அதில் பாதியைத் தவணைக்கு ஒத்துக்கொள்ளும். 8.5 சதவீத வட்டி, 20 வருடம், 30,000 தவணைக்குக் கிடைப்பது சுமார் 34.5 லட்சம். கையில் 10 லட்சத்துக்கு மேல் இருந்தால்தான் வானம் (அஸ்திவாரப் பள்ளம்) தோண்டவே முடியும். மாதம் 10,000 மிச்சம் பிடித்தாலும் அதற்கு ஏழு வருடம் ஆகும். அதற்குள் மனை விலை அதே இடத்தில் நிற்காது.

அந்தக் காலத்துக்கும் இதே மாதிரி ஒரு கணக்கு வேண்டும். தெரிந்தவர்கள் போடுங்கள்.

#2 கிரையப் பத்திரம்

குடமுருட்டி சார், உங்கள் கணக்கின் முதல் வரியே முந்தைய தலைமுறைக்குக் கிடையாது. பெரும்பாலான குடும்பங்கள் மனையை வாங்கவில்லை. கிராமத்தில் நத்தம் (ஊர்க் குடியிருப்பு நிலம்), அல்லது பாகப்பிரிவினையில் வந்த வீட்டுக்கொல்லை. டவுனில் தெரு வீடு, அதுவும் வழிவழியாக வந்தது. நிலமற்ற விவசாயத் தொழிலாளிகளுக்கு 1971-இல் வந்த குடியிருப்பு அனுபோகதாரர் சட்டம், மிராசுதார் நிலத்தில் அவர்கள் குடியிருந்த இடத்தையே சொந்தமாக்கியது. நடுத்தர வகுப்பின் இன்றைய மூன்றாம் தலைமுறையில் பலருக்கு அடித்தளம் அந்தப் பட்டாதான். அதைச் சொல்லாமல் டெல்டாவின் வீட்டுக் கதையைப் பேச முடியாது.

அளவையும் நினைவில் வையுங்கள். தஞ்சை வழக்கில் 144 சதுர அடி ஒரு குழி, 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. ஒரு வேலி என்பது சுமார் 6.6 ஏக்கர். இன்று 1,200 அடி மனை என்பது எட்டே கால் குழிக்குச் சற்று அதிகம். பழைய பத்திரங்களில் வீட்டுமனை என்றாலே முப்பது நாற்பது குழி சாதாரணம்.

பழைய கிரையப் பத்திரத்தை எடுத்து "1975-இல் இவ்வளவுதான் விலை" என்று முடிவு கட்டுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பத்திரத்தில் எழுதியது பதிவுச் செலவைக் குறைக்க எழுதிய தொகை, கைமாறியது வேறு. அரசின் வழிகாட்டி மதிப்பு வந்த பிறகும் அந்தத் தொகைக்கு மட்டும் எழுதி மீதியை ரொக்கமாகக் கொடுத்தார்கள். ஆகவே அந்தக் காலத்து மனை விலை பத்திரம் சொல்வதைவிட அதிகம்தான். இன்றைய விலையோடு ஒப்பிடும்போது ஏற்றம் இருப்பதைவிடப் பெரிதாகத் தெரிவதற்கு இது ஒரு காரணம்.

#3 அரசலாறு

ரூபாயில் பேசினால் ஒன்றும் புரியாது. பவுனில் பேசுங்கள். அப்போது ஒரு குமாஸ்தா சம்பளத்துக்கு எத்தனை பவுன், இப்போது எத்தனை பவுன் என்று பார்த்தால் விடை வந்துவிடும்.

#4 கிளை மேலாளர்

அரசலாறு சார், பவுனில் பார்த்தால் கணக்கு குலுங்கும். மத்திய அரசின் கடைநிலைச் சம்பளத்தை எடுத்துக்கொள்வோம். சம்பளக் கமிஷன்களை ஒட்டி வந்த எண்கள் என்பதால் ஒப்பிட வசதி. 1973-இல் 185 ரூபாய், 1986-இல் 750, 1996-இல் 2,550, 2006-இல் 7,000, 2016-இல் 18,000.

அந்தந்த வருடத்துப் பவுன் விலையில் வகுத்தால், 1973-இல் முக்கால் பவுனுக்குக் கொஞ்சம் மேல். 1986-இல் அரைப் பவுன்கூட இல்லை. 1996-இல் அரைப் பவுனுக்குச் சற்று அதிகம். 2006-இல் ஏறக்குறைய ஒரு பவுன். 2016-இல் மறுபடி முக்கால். 2025 ஜனவரியில் சென்னையில் பவுன் 60,000-ஐத் தாண்டியபோது 53 சதவீத அகவிலைப்படியோடு 27,540, அதாவது திரும்பவும் அரைப் பவுனுக்குக் கீழே. 1986-இல் இருந்தவர்கள் 2006-இல் இருந்தவர்களைவிடப் பாதி ஏழை என்று யாராவது சொல்வார்களா? ஏறி இறங்கியது தங்கம். தங்கத்தோடு தங்கத்தைத்தான் ஒப்பிடலாம், வீட்டை ஒப்பிட முடியாது.

சரியான அளவுகோல் சம்பள மாதம். மனைக்கு எத்தனை மாதச் சம்பளம், கட்டுமானத்துக்கு எத்தனை மாதச் சம்பளம் என்று தனித்தனியாகப் போடுங்கள். குடமுருட்டி சார் உதாரணத்தில் மனைக்கு, பதிவுச் செலவும் சேர்த்து, 33 மாதம். கட்டடத்துக்கு 37 மாதம். மற்றவை 5. மனை மட்டும் அப்பன் சொத்தாக இருந்தால் இன்றைக்கும் அதே குடும்பம் 25 லட்சத்தில் முடித்துவிடும். கடன் 20 லட்சம் வாங்கினால் தவணை 17,356. ஒருவர் சம்பளத்திலேயே கட்டிவிடலாம்.

#5 வெண்ணாறு

நெல்லை விட்டுவிட்டு டெல்டாவில் கணக்குப் போடக் கூடாது. ஒரு வேலி வைத்திருந்தவர் ஒரு காலத்தில் உறுதியான நடுத்தரக் குடும்பம். பள்ளிக்கூட வாத்தியாருக்கு இணை, சில ஊர்களில் மேல்.

இன்றைய கணக்கு: 6.6 ஏக்கர், ஏக்கருக்கு 20 குவிண்டால் என்றால் 132 குவிண்டால். 2025–26 பருவத்துக்குப் பொது ரகத்துக்கு மத்திய விலை 2,369, மாநில ஊக்கத்தொகை சேர்த்து 2,500. ஆக 3,30,000. உழவு, நாற்று, நடவு, உரம், மருந்து, அறுவடை மிஷின் எல்லாம் ஏக்கருக்கு முப்பதாயிரம் என்று வைத்தாலும் ஏறக்குறைய 2 லட்சம் போய்விடும். நின்றது 1,30,000. ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் கொள்முதல் நிலையத்தில் மூட்டை நிற்கும், அதற்குள் மழை வந்தால் அதுவும் குறையும். ஜூன் 12-இல் மேட்டூர் திறந்து குறுவையும் எடுத்தால் இரண்டு போகம். திறக்காத வருடம் சம்பா மட்டும். இரண்டு போகமும் சரியாக வந்தாலும் மாதம் 22,000-க்கு மேல் போகாது. குடமுருட்டி போட்ட வருமானத்தில் அது மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம்.

1990–91-இல் நெல் குவிண்டால் 205. 2025–26-இல் 2,369. பதினோரு மடங்கு சொச்சம். அரசுச் சம்பளம் அதே காலத்தில் 750-லிருந்து 18,000, அதாவது 24 மடங்கு, அகவிலைப்படி தனி. ஆகவே "வாழ்க்கைத் தரம் ஏறியது" என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். மாதச் சம்பளக்காரர் ஏறினார், ஒரு வேலிக்காரர் இறங்கினார். நிலத்தை வைத்துப் பயிர் செய்கிறவனுக்கு ஏக்கருக்கு ஒரு போகத்தில் நிற்பது இருபதாயிரம். அதே ஏக்கரை மனை போட்டு அடிக்கணக்கில் விற்கும்போது விலை எங்கே போகிறது பாருங்கள். வயல் வயலாக நிற்காததற்குக் காரணம் பேராசை என்று சொல்லி முடித்துவிட முடியாது.

#6 காவிரிப்படுகை

வெண்ணாறு அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். 2020-இல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வயலைக் காப்பாற்றும் என்று பலர் நம்புகிறார்கள். அது தடுப்பது எண்ணெய் எரிவாயு ஆய்வு, உருக்காலை, தோல் பதனிடும் ஆலை போன்றவற்றை. வீட்டுமனைப் பிரிவு அந்தப் பட்டியலில் இல்லை.

விலையை ஏற்றுகிற பணமும் பெரும்பாலும் இங்கே சம்பாதித்தது இல்லை. கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம், முத்துப்பேட்டைப் பக்கம் வளைகுடா, சிங்கப்பூர் பணம். மற்ற ஊர்களில் சென்னை, பெங்களூர்ச் சம்பளம். வாங்கிப் போடுகிறவர் அங்கே இருக்கிறார், மனை இங்கே கருவை மண்டிக் கிடக்கிறது. கூடவே நிர்வாகம். 2020 டிசம்பரில் மயிலாடுதுறை தனி மாவட்டம், 2021-இல் கும்பகோணம் மாநகராட்சி. பலகை மாறிய அன்றே புரோக்கர் விலையும் மாறும். உள்ளூரில் உள்ளூர்ச் சம்பளத்துக்கு வேலை பார்க்கிறவர் அந்த விலையைக் கொடுக்க வேண்டியிருக்கிறது. என் பார்வையில் இந்த இழையின் மையம் இதுதான்.

#7 மன்னை மேஸ்திரி

எல்லாரும் மனையையே பேசுறீங்க. கட்டுமானத்துலயும் டெல்டாவுக்குன்னு தனிச் செலவு இருக்கு. அது திருச்சிக்காரருக்கோ மதுரைக்காரருக்கோ கிடையாது.

முதல் விஷயம், நம்ம மண்ணுல கல்லு கிடையாது. ஜல்லியும் எம்சாண்டும் புதுக்கோட்டை, பெரம்பலூர், கரூர் பக்கம் கிரஷர்லேர்ந்து வரணும். முன்னாடி கொள்ளிடத்து மணல் மாட்டு வண்டியில வாசல்ல வந்து இறங்கும். செங்கல் பக்கத்துக் காளவாய். கூரைக்கு மூங்கில், நாட்டு ஓடு. கூலி, ஓரளவு மரம், இதுதான் ரொக்கச் செலவு. இப்போ எல்லாமே லாரி வாடகையோட வர்ற சாமான்.

ஆயிரம் சதுர அடி தளவீட்டுக்கு உத்தேசமா: சிமெண்ட் 400 முதல் 450 மூட்டை, கம்பி மூன்றரை முதல் 4 டன், செங்கல் 20,000 வரைக்கும், மணல் 1,800 கனஅடி, ஜல்லி 1,350 கனஅடி. இதுக்கு ரொம்பக் கம்மியா யாராவது கொட்டேஷன் கொடுத்தா கம்பியிலயோ அஸ்திவாரத்துலயோ கை வைக்கிறாங்கன்னு அர்த்தம்.

ரெண்டாவது விஷயம், களிமண். ஆத்துல தண்ணி வந்தா ஊதும், கோடையில பாளம் பாளமா வெடிக்கும். வருஷா வருஷம் இது நடக்கும். மூணடி வானம் எடுத்து மேல சுவர் வச்சா ரெண்டாவது கோடையில ஜன்னல் மூலையிலேர்ந்து சாய்வா விரிசல் ஓடும். பூச்சு வச்சு மூடினா அடுத்த கோடையில அதே இடத்துல திரும்ப வரும், ஏன்னா விரிசல் பூச்சுல இல்ல, அடியில இருக்கு. செய்ய வேண்டியது:

வானம் கோடை வெடிப்பு முடியற ஆழத்தையும் தாண்டிப் போகணும். நம்ம பக்கம் அஞ்சு ஆறு அடி. ரொம்ப ஊதுற மண்ணா இருந்தா அண்டர் ரீம்டு பைல் (அடியில குமிழ் வச்சு மண்ணுக்குள்ள இறக்குற கான்கிரீட் தூண்) நல்லது. குறைஞ்சது மூன்றரை மீட்டர் ஆழம், அடியில குமிழ் தண்டோட ரெண்டரை மடங்கு அகலம். தண்டு 30 சென்டிமீட்டர்னா குமிழ் 75. பைலுக்கு மேல வர்ற பீம் மண்ணைத் தொடக் கூடாது, மூணு அங்குலமாவது இடைவெளி விடணும். இல்லேன்னா மண் ஊதும்போது பீமையே தூக்கிடும். இந்த இடைவெளியை வேலையாட்கள் மண்ணைத் தள்ளி மூடிடுவாங்க, நின்னு பார்க்கணும்.

வீட்டைச் சுத்தி மூணடி அகலத்துக்கு சிமெண்ட் தளம் சரிவாப் போடுங்க. சுவரோரம் தண்ணி இறங்கலேன்னா பாதிப் பிரச்சனை வராது. சுவருக்குப் பக்கத்துல வேம்பு, வாகை வைக்காதீங்க. வேர் அடியில ஈரத்தை உறிஞ்சினா அந்த மூலை மட்டும் இறங்கும்.

நாகை, வேதாரண்யம் பக்கம் கட்டுறவங்க தண்ணியை டெஸ்ட் பண்ணாம கான்கிரீட்டுக்கு ஊத்தாதீங்க. குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராம் தாண்டக் கூடாது. உப்புத் தண்ணியில போட்ட தளம் பத்து வருஷத்துல பொரிஞ்சு விழும். வெளியில பார்த்தா சிமெண்ட் மோசம் மாதிரி தெரியும், உண்மையில உள்ள கம்பி துருப்பிடிச்சு வீங்கித் தள்ளுது. கம்பிக்கு அடியில வைக்கிற கவர் பிளாக் சாதாரண இடத்துல தளத்துக்கு 20 மில்லிமீட்டர், காலத்துக்கு (தூணுக்கு) 40; கடலோரத்துல அதைவிட அதிகம் வேணும். ஜல்லியைப் பொறுக்கி அடியில வைக்கிற பழக்கத்தை விடுங்க.

#8 குடமுருட்டி

மேஸ்திரி அண்ணே, மண் நிரப்பலையும் சொல்லுங்கள். என் கணக்கில் மற்ற எல்லாவற்றோடும் சேர்த்து 3 லட்சம்தான் வைத்திருக்கிறேன்.

#9 மன்னை மேஸ்திரி

வயலைப் பிரிச்ச மனைன்னா ரோட்டை விட ரெண்டு மூணு அடி பள்ளம். அதுக்கு மேல வீட்டு மட்டம் ரோட்டுலேர்ந்து மூணடி. மனை முழுக்க நாலடி நிரப்புறதா வச்சாலே 1,200க்கு நாலு, 4,800 கனஅடி. மூணு யூனிட் டிப்பர் ஒண்ணு 300 கனஅடி. பதினாறு லோடு. தண்ணி விட்டு இறுகினா இன்னும் நாலு லோடு இழுக்கும். இருபதுன்னு எழுதிக்குங்க. ஒரே நாள்ல கொட்டிட்டு மேல தரை போடக் கூடாது. அடிக்கு ஒருக்கா தண்ணி விட்டு இடிக்கணும், ஒரு மழையாவது பார்க்கணும். இல்லேன்னா டைல்ஸ் நடுக்கூடத்துல குழிவிழும். வயல் களிமண்ணையே வெட்டி நிரப்பினா காசு மிச்சம்தான், ஆனா அது தரையைத் தூக்கும். சவுடோ கிராவலோதான்.

ரோடு மட்டத்தையும் கவனிங்க. பழைய ரோட்டைச் சுரண்டாம மேலயே சிமெண்ட் போட்டுப் போட்டு டவுன்ல எத்தனையோ திண்ணை இன்னைக்கு ரோட்டுக்குக் கீழ கிடக்கு. ஐப்பசியில வாசல் தண்ணி ரேழிக்குள்ள வருது. அந்த வீடு கட்டினப்போ நாலு படி ஏறித்தான் உள்ள போயிருப்பாங்க.

#10 காமாட்சி ஜோசியர் தெரு

எல்லோரும் புது மனை பற்றியே எழுதுகிறீர்கள். டவுனில் பழைய தெரு வீடுகள் பூட்டிக் கிடக்கின்றனவே? பதினெட்டு, இருபது அடி அகலம், நூற்றைம்பது அடி நீளம், மூன்று கட்டு. வாரிசுகள் நாலைந்து பேர். அதைச் சரிசெய்து குடியிருப்பது புதிதாகக் கட்டுவதைவிட மலிவா இல்லையா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#11 கிரையப் பத்திரம்

மேடம், முதலில் அடிமனை யாருடையது என்று பாருங்கள். கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர், மன்னார்குடி டவுன்களில் கோயில் மனை, மடத்து மனை நிறைய. கட்டடம் உங்களுடையதாக இருக்கும். மண் சாமி பெயரில் இருக்கும். இந்து சமய அறநிலையத் துறைச் சட்டம் 34-ஏ பிரிவின்படி நியாய வாடகை நிர்ணயித்து, மூன்று வருடத்துக்கு ஒரு முறை உயர்த்துவார்கள். மண்ணை விற்க முடியாது, பதிவுச் சட்டம் 22-ஏ பிரிவின்படி பதிவும் ஆகாது. தாத்தா காலத்தில் வருடத்துக்குப் பெயரளவில் கட்டிய தொகை இன்று சந்தை மதிப்பை ஒட்டி வருவதால் பல குடும்பங்கள் திணறுகின்றன. அந்தத் தலைமுறைக்கு வீடு மலிவாக இருந்ததில் இந்த அடிமனை வாடகைக்கும் பங்கு உண்டு. அதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

மண் சொந்தம்தான் என்றால், பாகம். இருபதடி அகலத்தை நீளவாக்கில் நால்வருக்குப் பிரித்தால் ஆளுக்கு ஐந்தடி. குறுக்கே பிரித்தால் வாசல் ஒருவருக்கு, மற்ற மூவருக்கு நடைபாதை உரிமை. இரண்டும் வழக்கில் முடியும். ஒருவர் எடுத்துக்கொண்டு மற்றவர்கள் பணம் பெற்று விடுதலைப் பத்திரம் எழுதுவதுதான் சுத்தம். குடும்பத்துக்குள் பாகப்பிரிவினை, விடுதலை, தானசெட்டில்மெண்ட் என்றால் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், உச்சவரம்பு 40,000; பதிவுக் கட்டணம் 1 சதவீதம், உச்சவரம்பு 10,000. 2023 ஜூலையில் மாற்றிய விகிதம் இது. வெளியாளிடம் வாங்கினால் 9 சதவீதம். பாகத்தை வருடக்கணக்கில் தள்ளிப் போடாதீர்கள். ஒரு வாரிசு இறந்தால் கையெழுத்துப் போட வேண்டியவர்கள் ஒன்றிலிருந்து நாலாகிவிடுவார்கள்.

#12 மன்னை மேஸ்திரி

அக்கா, மச்சு மெட்ராஸ் டெரஸா (உத்திரக்கட்டை மேல செங்கல் அடுக்கின தளம்) இருந்தா முதல்ல உத்திரக்கட்டை சுவருக்குள்ள போற முனையைப் பாருங்க. நடுவுல நல்லா இருக்கும், முனையில செல் அரிச்சிருக்கும். ஆணியால குத்தினா தெரியும். முனை போயிருந்தா தளமே கைவிட்ட மாதிரிதான். ஓட்டு வீடுன்னா சட்டம், ரீப்பர் மாத்தி ஓடு பிரிச்சுப் போடலாம்; ஆனா வருஷா வருஷம் ஐப்பசிக்கு முன்னாடி ஆள் ஏறி மாத்து ஓடு போடணும், அந்த வேலை தெரிஞ்ச ஆள் குறைஞ்சு போச்சு.

அடி ஈரம் ஏறிச் சுவர் உப்புப் பூத்திருந்தா சிமெண்ட் பூச்சு பூசாதீங்க. பழைய சுவர் சுண்ணாம்பு, மண் கலவை. ஈரத்தை வெளிய விடும். மேல சிமெண்ட் பூசினா உள்ள அடைஞ்சு இன்னும் உயரத்துக்கு ஏறும், ரெண்டு வருஷத்துல பூச்சு பாளமா வரும். சுண்ணாம்புப் பூச்சே போடுங்க.

சுவரும் மரமும் நல்லா இருந்து, பாத்ரூம், வயரிங், தண்ணிக் குழாய் மட்டும் புதுசுன்னா புது வீட்டுல மூணுல ஒரு பங்கு செலவுல முடிக்கலாம். மரம் போயிருந்தா மிச்சம் ஒண்ணும் இல்ல.

#13 கிளை மேலாளர்

இப்போது கடனுக்கு வருகிறேன். முதல் தலைமுறையில் நடுத்தரக் குடும்பம் வீட்டுக்கு வங்கிக் கடன் வாங்கவில்லை, கிடைக்கவும் இல்லை. தனியார் வீட்டுக்கடன் நிறுவனமே 1977-இல்தான் வந்தது. கூட்டுறவு வீட்டு வசதிச் சங்கம், வீட்டு வசதி வாரியத் தவணை, பி.எஃப். முன்பணம், இவைதான் இருந்தன. பெரும்பாலோர் 58 வயதில் கிடைத்த பணிக்கொடையில் கட்டினார்கள். மாதா மாதம் பென்ஷன் உறுதி என்பதால் கையில் வந்த முழுத் தொகையையும் வீட்டில் போட முடிந்தது. தமிழக அரசுப் பணியில் 2003 ஏப்ரல் 1 முதல் சேர்ந்தவர்களைப் பங்களிப்பு ஓய்வூதியத்தில் சேர்த்தார்கள். தனியார் வேலையில் பென்ஷன் பெயரளவுக்குத்தான். ஆக, அன்று 58-இல் கடனில்லாமல் கட்டினார்கள், இன்று 32-இல் கடனோடு கட்டுகிறார்கள். 26 வருடம் முன்னதாகவே சொந்த வீட்டில் இருக்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும்.

கடனில் எங்கே அடி விழுகிறது என்று சொல்கிறேன். 20 லட்சம், 8.5 சதவீதம், 20 வருடம். முதல் மாதத் தவணை 17,356-இல் வட்டி 14,167, அசல் 3,189 மட்டும். வட்டி மாறும்போது வங்கி பெரும்பாலும் தவணையைத் தொடாமல் காலத்தை நீட்டும். 2021-இல் 6.7 சதவீதத்தில் 20 லட்சம் வாங்கியவருக்குத் தவணை 15,148. ரெப்போ விகிதம் (ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குக் கொடுக்கும் கடனின் வட்டி) 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் 4-லிருந்து 6.5 ஆனது. வட்டி 9.2 ஆனபோது, ஒன்றரை வருடம் கட்டி முடித்த அவருடைய பாக்கி 19.25 லட்சத்துக்கு மாத வட்டியே 14,758. அசலுக்குப் போவது 400 ரூபாய்கூட இல்லை. அதே தவணையில் விட்டால் முடிய 40 வருடம். அதனால்தான் 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி, தவணையை உயர்த்துவதா காலத்தை நீட்டுவதா என்று வாடிக்கையாளரிடம் கேட்க வேண்டும் என்று உத்தரவு போட்டது. கடிதம் வந்தால் தூக்கிப் போடாதீர்கள். தவணையை உயர்த்துங்கள் என்று எழுதிக் கொடுங்கள்.

வருடத்துக்கு ஒரு தவணை கூடுதலாகக் கட்டினால் (போனஸ், நெல் பணம், எதுவானாலும்) 20 வருடக் கடன் பதினாறரை வருடத்தில் முடியும். மாறும் வட்டிக் கடனில் முன்கூட்டிக் கட்ட அபராதம் கிடையாது. கட்டும்போது "காலத்தைக் குறைக்கவும்" என்று எழுத்தில் கேளுங்கள்.

30 லட்சம் வரை மதிப்பில் 90 சதவீதம், 30 முதல் 75 லட்சம் வரை 80 சதவீதம், இதுதான் கடன் உச்சவரம்பு. பத்திரச் செலவு மதிப்பில் சேராது. குடமுருட்டி சாரின் 10 லட்சப் பள்ளம் இதனாலும்தான். மானியம் பற்றி: பிரதமர் நகர்ப்புற வீட்டுத் திட்டம் 2.0-இல் வருட வருமானம் 9 லட்சம் வரை, வீட்டு மதிப்பு 35 லட்சம் வரை, கடன் 25 லட்சம் வரை இருந்தால் முதல் 8 லட்சத்துக்கு 4 சதவீத வட்டி மானியம், மொத்தம் 1.80 லட்சம், ஐந்து வருடத் தவணையில் வரும். 45 லட்சத்து வீட்டுக்கு வராது. மனை சொந்தமாக இருப்பவர் தன் வீட்டு மதிப்பு வரம்புக்குள் வருகிறதா என்று வங்கியில் கேட்டுப் பாருங்கள். வரிச் சலுகையை நம்பிக் கடன் வாங்காதீர்கள். புதிய வரிமுறையில் சொந்தக் குடியிருப்பு வீட்டின் வட்டிக்குக் கழிவு கிடையாது.

#14 காவிரிப்படுகை

நான்காவது பகுதியான குடும்பச் செலவை யாரும் தொடவில்லை. தேசிய மாதிரி ஆய்வின்படி 1999–2000-இல் இந்தியக் கிராமக் குடும்பச் செலவில் உணவுக்கு 59 சதவீதம் போனது. 2022–23-இல் 46. நகரத்தில் 48-லிருந்து 39. சாப்பாடு மலிந்தது என்று இதற்குப் பொருள் இல்லை, மொத்தச் செலவு உணவுச் செலவைவிட வேகமாக ஏறியது. பழைய நடுத்தரக் குடும்பத்துக்கு நெல் வீட்டிலிருந்து வந்தது, பிள்ளைகள் அரசுப் பள்ளி, அரசு உதவிபெறும் பள்ளி. சம்பளத்தில் கைவைக்கிற மாதத் தவணை எதுவும் இல்லை. இன்று விடுபட்ட அந்தப் பங்கைப் பள்ளிக் கட்டணம், வேன், வண்டித் தவணை, ஆஸ்பத்திரி பங்கு போட்டுக்கொள்கின்றன. அதே நேரம் கொல்லைக் கடைசியில் இருந்த கழிப்பறை வீட்டுக்குள் வந்தது, விறகடுப்புப் புகை போனது, குடம் தூக்குவது குறைந்தது. பெண்களின் நாளில் இவை மீட்டுக் கொடுத்த மணிநேரங்களை எந்தப் பவுன் கணக்கும் காட்டாது. அந்தக் காலமே நல்லது என்று நான் சொல்லமாட்டேன்.

#15 அரசலாறு

அப்படியானால் வாடகையில் இருப்பதுதான் புத்திசாலித்தனமா? 45 லட்சத்து வீட்டுக்கு இங்கே வாடகை பத்து, பன்னிரண்டாயிரம். தவணை 30,000.

#16 கிளை மேலாளர்

மாற்றலாகும் வேலை என்றால் ஆமாம், வாடகைதான். ஆனால் மிச்சமாகும் 18,000-ஐத் தனியாகச் சேர்க்கிற ஒழுங்கு இருந்தால்தான் இந்தக் கணக்கு நிற்கும். ஊரிலேயே இருக்கப்போகிறவர், பெற்றோர் மனை இருக்கிறவர் கட்டலாம். மனையும் கட்டடமும் இரண்டுமே கடனில் என்றால் இரண்டு சம்பளமும் இருபது வருடம் நிற்க வேண்டும். ஒருவர் வேலை போனால் ஆறு மாதத் தவணை கையில் இருக்கிறதா என்று பார்த்து இறங்குங்கள்.

#17 கிரையப் பத்திரம்

மனை வாங்கப் போகிறவர்களுக்கு. நகர ஊரமைப்புத் துறை அங்கீகார எண், ஊராட்சி அல்லது நகராட்சி அனுமதி இரண்டும் வேண்டும். அங்கீகாரம் இல்லாத பிரிவில், 2016 அக்டோபர் 20-க்கு முன் ஒரு மனையாவது பதிவாகியிருந்தால்தான் வரன்முறைக்கு வழி. "அப்புறம் வரன்முறை பண்ணிக்கலாம்" என்று புதிதாகப் பிரித்த வயலைத் தலையில் கட்டுவார்கள். அதற்கு வழி இல்லை. வில்லங்கம் 30 வருடத்துக்குக் குறையாமல், தாய்ப்பத்திரம் மூலத்தோடு, 'அ' பதிவேடு (கிராம நிலப் பதிவேடு). 1980-களின் நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில் உட்பிரிவுகள் மாறிப்போன இடங்கள் உண்டு. பத்திரத்தின் பழைய சர்வே எண்ணும் இன்றைய பட்டாவும் பொருந்துகிறதா என்று தாலுகாவில் பாருங்கள்.

டெல்டாவில் இவற்றைவிட முக்கியம் வாய்க்கால். புல வரைபடத்தை எடுத்துக்கொண்டு இடத்துக்குப் போங்கள். வரைபடத்தில் பாசன வாய்க்காலும் வடிகாலும் ஓடுகிற இடத்தில் தரையில் ரோடு இருந்தால் அந்தப் பிரிவை விட்டுவிடுங்கள். வடிகாலைத் தூர்த்த மனையில் எத்தனை லோடு அடித்தாலும் கார்த்திகை மழைக்கு மேல்வயல் தண்ணீர் அங்கேதான் வரும். 10 லட்சம் மதிப்புக்குள் பெண்கள் பெயரில் வாங்கினால் 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு.

#18 குடமுருட்டி

கடைசியாக ஒன்று. இரண்டு கட்டமாகக் கட்டுவது பற்றி யாராவது சொல்ல முடியுமா? இப்போது கீழே 600 சதுர அடி, பிள்ளைகள் தலையெடுத்த பிறகு மேலே.

#19 மன்னை மேஸ்திரி

பணம் நெருக்கடியா இருக்கிறவங்களுக்கு அதுதான் சரியான வழி. ஆனா அஸ்திவாரமும் காலமும் இன்னைக்கே ரெண்டு மாடிக்குக் கணக்குப் போட்டு எடுக்கணும். பிற்பாடு அடியில ஒண்ணும் பண்ண முடியாது. அனுமதியும் இப்பவே தரைத்தளம், முதல் தளத்துக்குச் சேர்த்து வரைஞ்சு பாருங்க. 2,500 சதுர அடி மனை வரைக்கும், 3,500 சதுர அடி கட்டடம் வரைக்கும், ஏழு மீட்டர் உயரத்துக்குள்ளன்னா 2024 ஜூலைலேர்ந்து சுயசான்றுலயே ஆன்லைன்ல கிடைக்குது. மாடிப்படி வெளியில வையுங்க, மேல வேலை நடக்கும்போது கீழ குடியிருக்கலாம்.

மேல விடுற காலம் கம்பியை அப்படியே வானம் பார்க்க விடாதீங்க. பத்து வருஷம் மழையில நின்னா துருப்பிடிச்சுத் தடிமன் குறைஞ்சிடும், அதுல இணைச்சுக் கட்டின மாடிக்குப் பலம் இருக்காது. 16 மில்லிமீட்டர் கம்பின்னா 800 மில்லிமீட்டர், அதாவது ரெண்டடி எட்டங்குலத்துக்குக் குறையாம நீட்டி விடணும். துருவைத் தேய்ச்சு எடுத்து, சிமெண்ட் பால் ரெண்டு கோட் அடிச்சு, சுத்தி 1:4:8 கலவையில மெலிசா கான்கிரீட் போட்டு மூடுங்க. மாடி கட்டுற அன்னைக்கு அந்தக் கலவை சுத்தியலுக்கு உடையும், உள்ள கம்பி புதுசா இருக்கும்.